இடக்கையின் ஆசான்: ஸ்ட்ரைட் பியானோவும் ஜேம்ஸ் பி. ஜான்சனும்



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு வழிகாட்டி என்று எழுதிவரும் இவ்வலைப்பதிவில் அமெரிக்க இசையைப் பற்றி ஒரு கட்டுரையா என நீங்கள் வியக்கக்கூடும். இதற்குக் காரணம் என் இளைய மகள். ஐந்தாம் ஆண்டில் பயிலும் அவள் ஈராண்டுகளாகப் பியானோ வகுப்புக்குச் சென்று வருகிறாள். வலக்கை நன்றாகவே பாடுகிறது, இடக்கைதான் பின்தங்குகிறது. ஒருநாள் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, இடக்கைக்கு ஒரே மாதிரியான வேலைதான், அது சலிப்பாக இருக்கிறது என்று முறையிட்டாள்.

அறிவுரை கூறிப் பயனில்லை என்பது ஆசிரியர்களாகிய நாம் அறிந்ததே. ஆகவே, இடக்கை உண்மையாகவே உழைக்கும் ஓர் இசையை அவளுக்குக் கேட்கத் தர எண்ணினேன். இணையத்தில் தேடியபோது ஃபேட்ஸ் வாலர் என்பவர் 1929ஆம் ஆண்டு பதிவுசெய்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' என்னும் பியானோ இசை கிடைத்தது. ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும் சிறு படைப்பு. கேட்டு முடித்ததும் மகள் இரண்டு கேள்விகள் கேட்டாள்.

"அப்பா, இத ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?"

ஒருவர்தான் என்றேன்.

"அப்போ இவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

ஆசிரியனாகிய நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விடை தேடிச் சென்ற எனக்கு ஜேம்ஸ் பி. ஜான்சன் என்னும் பெயர் கிடைத்தது. வாலரின் பெயரையும் டியூக் எலிங்டனின் பெயரையும் எங்கோ கேள்வியுற்றிருந்த நான், இவ்விருவருடைய கைகளுக்கும் வழிகாட்டிய அம்மனிதரின் பெயரை அதுவரை அறிந்திருக்கவில்லை. அவ்வறியாமைக்கு ஈடாகவே இப்பதிவை எழுதுகிறேன்.

ஸ்ட்ரைட் என்றால் என்ன?

'ஸ்ட்ரைட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நீண்ட எட்டு வைத்து நடத்தல் என்று பொருள். இங்கு நடப்பது இடக்கை. நான்கு அடிகள் கொண்ட தாளத்தை மனத்தில் கொள்ளுங்கள். முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் இடக்கை பியானோவின் இடக்கோடியை நோக்கிச் சென்று கனத்த கீழ்ச்சுரம் ஒன்றை ஒலிக்கிறது. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் அதே கை பியானோவின் நடுப்பகுதிக்குத் தாவி வந்து மூன்று நான்கு சுரங்களை ஒருசேர அழுத்துகிறது. இவ்வாறு ஒருசேர ஒலிக்கும் சுரங்களைப் பியானோ வகுப்பில் 'கார்ட்' என்பார்கள். நாம் கூட்டுச்சுரம் எனலாம். கீழ்ச்சுரம், கூட்டுச்சுரம், கீழ்ச்சுரம், கூட்டுச்சுரம் என்று இடக்கை ஓயாமல் போய்வந்து கொண்டிருக்கும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஒவ்வொரு தாவலும் ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி தொலைவு இருக்கக்கூடும். நிமிடத்துக்கு 200 அடி என்னும் வேகத்தில் வாசித்தால், இடக்கை ஒரு நொடிக்கு மூன்று முறைக்கும் மேலாக இடம் மாற வேண்டும். அதுவும் பார்க்காமலேயே சரியான கட்டையில் விழ வேண்டும். ஏனெனில் வாசிப்பவரின் கவனம் பெரும்பாலும் வலக்கையில் இருக்கும்.

கீழ்ச்சுரத்தையும் இக்கலைஞர்கள் தனியாக ஒலிக்கவிடவில்லை. ஒரு வெள்ளைக் கட்டையையும், அதிலிருந்து எண்ணினால் பத்தாவதாக வரும் வெள்ளைக் கட்டையையும் ஒரே கையால் சேர்த்து அழுத்தினர். இதனால் ஒலி நிறைவாகவும் செழுமையாகவும் அமைந்தது. சாதாரணக் கைக்கு இது எட்டாத தொலைவு. லக்கி ராபர்ட்ஸ் என்ற மூத்த கலைஞரின் கை பதினான்கு வெள்ளைக் கட்டைகள் வரை விரியும் என்பர். சிறிய கையுடையோர் அவ்விரு சுரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தொட்டுச் செல்வர்.

இடக்கை இவ்வாறு முழவாகவும் அடித்தள இசையாகவும் நிற்க, வலக்கைக்கு முழு விடுதலை கிடைக்கிறது. அது தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நழுவிப் பாடும். கூவும், மறுமொழி சொல்லும், ஓடும், குதிக்கும். அவ்விடுதலை அனைத்தும் இடக்கை தவறாமல் நடப்பதால் கிட்டுவது.

ஆனால் இடக்கை வெறும் கடிகாரமும் அன்று. ஜான்சனின் புகழ்பெற்ற படைப்பாகிய 'கரோலைனா ஷவுட்' தொடங்கிய உடனேயே இதைக் கேட்கலாம். சீராக வரவேண்டிய அடிகளை அவர் இடையிடையே மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து வைக்கிறார். நம் சொற்கட்டில் கூறினால், 'தகதிமி தகதிமி' என வரவேண்டிய எட்டு அடிகள் 'தகிட தகிட தக' என மாறி நிற்கும். கூட்டினால் எட்டுதான், கேட்பவரின் காலோ ஒரு கணம் தடுமாறும். அடுத்த சுற்றில் எல்லாம் சீராகிவிடும். மிருதங்க வாசிப்பைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த இன்பம் புதிதன்று.

ராக்டைமிலிருந்து ஹார்லெமுக்கு

ஸ்ட்ரைட் வானிலிருந்து குதித்ததன்று. அதற்கு முன்னர் அமெரிக்காவில் ராக்டைம் என்னும் பியானோ இசை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஸ்காட் ஜாப்ளின் 1899இல் வெளியிட்ட 'மேப்பிள் லீஃப் ராக்' அதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு. ராக்டைமிலும் இடக்கை மேலும் கீழும் போய்வரும். எனினும், அது பெரும்பாலும் எழுதி அச்சிட்டு விற்கப்பட்ட இசை. எழுதியவாறே வாசிப்பது அதன் மரபு.

நியூயார்க்கிலும் அதைச் சூழ்ந்த கிழக்குக் கடற்கரை நகரங்களிலும் வாழ்ந்த கறுப்பினக் கலைஞர்கள் இம்மரபை எடுத்துக்கொண்டு மூன்று மாற்றங்களைச் செய்தனர். வேகத்தைக் கூட்டினர், இடக்கையின் வீச்சை அகலமாக்கினர், எழுதியதை அப்படியே வாசிக்காமல் அவ்வப்போது புதிதாகப் புனைந்தனர். ராக்டைமின் நேரான நடை, இவர்கள் கையில் ஊஞ்சலாடும் நடையாயிற்று. 1910களிலும் 1920களிலும் உருப்பெற்ற இப்பாணிக்கு ஹார்லெம் ஸ்ட்ரைட் என்று பெயர் வந்தது.

ஒரு மனிதனின் கையிலிருந்து ஒரு முழு இசைக்குழுவின் ஒலியை ஏன் எதிர்பார்த்தனர்? காரணம் கலை மட்டுமன்று; வாடகையும்தான்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கே குடிபெயர்ந்தனர். இனவெறிக் கொடுமைகளிலிருந்து தப்புவதும் ஆலைகளில் வேலை தேடுவதும் அவர்களது நோக்கம். நியூயார்க்கில் அவர்களுக்கு வீடு கொடுத்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் பெரியது ஹார்லெம். வேறு போக்கிடம் இல்லாதவர்களிடம் வீட்டுக்காரர்கள் அதிக வாடகை வாங்கினர். சம்பளமோ குறைவு. மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நின்ற குடும்பங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. வீட்டிலுள்ள நாற்காலி மேசைகளை ஒதுக்கிவிட்டு, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரை ஆடிப்பாட அழைத்தனர். சமைத்த உணவும் விற்கப்பட்டது. மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920 முதல் 1933 வரையிலான காலத்தில் வீட்டில் காய்ச்சிய மதுவும் மறைவாகப் பரிமாறப்பட்டது. கிடைத்த பணம் மறுநாள் வாடகையாகப் போகும். இவற்றை வாடகை விருந்துகள் என்று அழைத்தனர். இவற்றுக்கென அச்சிட்ட அழைப்பு அட்டைகளைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஆர்வத்துடன் சேர்த்து வைத்திருந்தார்.

சிறிய வீட்டுக்குள் இசைக்குழு நுழைய முடியாது. நுழைந்தாலும் அதற்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே, ஒரு பியானோவும் அதை வாசிக்கும் ஒருவரும் போதும் என்றாயிற்று. அவ்வொருவர் விடியும்வரை அத்தனை பேரையும் ஆடவைக்க வேண்டும். அவருடைய இடக்கையே முழவு; இடக்கையே அடித்தள இசை; வலக்கையே எக்காளமும் பாடகரும். வறுமை தந்த நெருக்கடியே இக்கலையின் உடலமைப்பைத் தீர்மானித்தது என்றால் அது மிகையாகாது.

பள்ளியின்றிப் பயின்ற ஆசான்

ஜேம்ஸ் பிரைஸ் ஜான்சன் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் பிறந்தார். தாயார் தேவாலயத்தில் பாடியவர், பியானோவும் வாசிப்பார். வீட்டில் தெற்கத்திய உறவினரும் நண்பரும் கூடி ஆடும் வட்ட ஆட்டங்களைச் சிறுவன் ஜான்சன் படிக்கட்டோரம் அமர்ந்து பார்த்திருக்கிறான். 1908இல் குடும்பம் நியூயார்க்கின் சான் ஹுவான் ஹில் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஹார்லெம் பெயர் பெறுவதற்கு முன்னர் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது.

அங்கு ஜங்கிள்ஸ் கேசினோ என்னும் நிலவறை மண்டபத்தில் 1913 வாக்கில் அவர் பியானோ வாசித்தார். பெயருக்கு அது ஒரு நடனப் பள்ளி. கறுப்பினத்தவர்க்கு நடன அரங்கு நடத்த உரிமம் கிடைப்பது அரிது. நடனப் பள்ளிக்கோ எளிதாகக் கிடைத்தது. ஆகவே இந்த ஏற்பாடு. அங்கே ஆட வந்தவர்களுள் பலர் தென் கரோலைனா, ஜார்ஜியா கடலோரங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள். தங்கள் ஊர் ஆட்டத்துக்கேற்ற இசையைக் கேட்டு அவர்கள் கூவுவார்கள். ஜான்சன் அதை அங்கேயே புனைந்து வாசிப்பார். 'கரோலைனா ஷவுட்' பிறந்தது இவ்வாறுதான். பெயரளவில் பள்ளியாக இருந்த அவ்விடம் உண்மையிலேயே அவருக்குப் பள்ளியாயிற்று. இது நகைமுரண் அல்லவா?

அதே காலத்தில் அவர் புரூட்டோ ஜியானினி என்னும் இத்தாலியப் பேராசானிடம் முறையாகவும் பயின்றார். அவ்வாசிரியர் முதலில் செய்த வேலை, ஜான்சன் தாமாகவே பழகியிருந்த விரல் முறையைக் கைவிடச் செய்ததுதான். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதை அவர் மீண்டும் அடியிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. இரவில் பணம் வாங்கி வாசிக்கும் ஒரு கலைஞர், பகலில் தொடக்கநிலை மாணவரைப் போல விரல் வைக்கப் பழகியதை எண்ணிப் பாருங்கள்.

அவருடைய பயிற்சி முறைகளைப் பின்னாளில் அவரே ஒரு நேர்காணலில் விவரித்துள்ளார். கட்டைகள் கைக்கு முற்றிலும் பழக வேண்டும் என்பதற்காக இருட்டில் வாசிப்பாராம். தொடுகை தெளிவாக அமைய வேண்டும் என்பதற்காகக் கட்டைகளின்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தி, அதன்மீது கடினமான பாடங்களை வாசிப்பாராம். இதை என் மகளிடம் சொன்ன அன்று எங்கள் வீட்டிலும் ஒரு போர்வை பியானோவின்மேல் ஏறியது. பத்து நிமிடம் சிரிப்பும் தடுமாற்றமுமாகக் கழிந்தாலும், இடக்கை சலிப்பாக இருக்கிறது என்ற முறையீடு அன்று எழவில்லை.

இக்கலைஞர்களுக்கென ஓர் ஒழுங்கும் இருந்தது. விருந்துக்கு வரும் பியானோக் கலைஞர் நன்றாக உடுத்தியிருப்பார். மேலங்கியைக் கழற்றி, அதன் விலையுயர்ந்த உட்துணி தெரியும்படி மடித்துப் பியானோமேல் வைப்பார். கைக்குட்டையால் இருக்கையைத் துடைப்பார். பின்னர் அமர்ந்து, தமக்கே உரிய ஒரு கூட்டுச்சுரத்தை ஒலிப்பார். அதைக் கேட்டே வந்திருப்பவர் யார் என்று மற்றவர் அறிவர். முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டுத் திரும்பிய வில்லி ஸ்மித், 'சிங்கம்' என்ற பட்டப்பெயரோடும் வட்டத் தொப்பியோடும் சுருட்டோடும் வந்து அமர்வதே ஒரு காட்சியாக இருந்ததாம்.

துளைத்தாள் கற்பித்த பாடம்

வானொலி பரவாத அக்காலத்தில், பல வீடுகளில் தானியங்கிப் பியானோ இருந்தது. துளைகள் இடப்பட்ட தாள் சுருளை அதனுள் பொருத்தினால், கட்டைகள் தாமாகவே கீழிறங்கி எழும். ஜான்சன் 1917 முதல் இத்தகைய சுருள்களுக்காக வாசித்தார். 'கரோலைனா ஷவுட்' 1918இல் ஒரு சுருளாகவும், 1921இல் மற்றொரு சுருளாகவும் வெளிவந்தது. 1921 அக்டோபரில் ஓக்கே நிறுவனத்துக்காக இசைத்தட்டிலும் பதிவாயிற்று.

இங்கேதான் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வாஷிங்டன் நகரில் டியூக் எலிங்டன் என்னும் இளைஞர், தானியங்கிப் பியானோவின் ஓட்டத்தை மெதுவாக்கி, கீழிறங்கும் கட்டைகளின்மேல் தம் விரல்களை வைத்து, 'கரோலைனா ஷவுட்' முழுவதையும் கற்றுக்கொண்டார். ஜான்சன் அந்நகருக்கு வாசிக்க வந்தபோது, நண்பர்கள் எலிங்டனை மேடைக்குத் தள்ளிவிட்டு, ஆசான் முன்னிலையிலேயே அதை வாசிக்க வைத்தனர். ஜான்சன் மகிழ்ந்து பாராட்டினார். குருவிடம் நேரில் பயிலாமலே கற்ற ஏகலைவனின் கதை நமக்குத் தெரியும். இந்தக் குரு கட்டைவிரலைக் கேட்கவில்லை, நட்பைத் தந்தார்.

வாலரின் கதை குருகுலக் கதை. தாமஸ் வாலர் 1904இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை சமயப் பற்று மிக்கவர். இத்தகைய கேளிக்கை இசையை அவர் விரும்பவில்லை. 1920இல் தாயார் மறைந்தபோது வாலருக்கு வயது பதினாறு. துயரம் தாளாமல் வீட்டைவிட்டு வெளியேறி, ரசல் புரூக்ஸ் என்ற பியானோக் கலைஞரின் குடும்பத்தோடு தங்கினார். அவர் வழியாக ஜான்சனிடம் வந்து சேர்ந்தார்.

ஜான்சன் அவரை மாணவராக ஏற்றதோடு நில்லாமல், வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். வாலர் நள்ளிரவு கடந்தும் பியானோவை விட்டு எழமாட்டார் என்றும், தாமே அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டியிருந்தது என்றும் ஜான்சனின் துணைவியார் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஜான்சன் அவரை விருந்துகளுக்கும் உடன் அழைத்துச் சென்றார். 1922இல் வாலரின் முதல் இசைத்தட்டுப் பதிவு வெளிவந்தது. 1929இல் என் மகள் கேட்டு வியந்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' பிறந்தது.

சங்கிலி அங்கே அறுந்துவிடவில்லை. ஹார்லெமின் லிங்கன் திரையரங்கில் வாலர் ஆர்கன் வாசித்தபோது, அவருடைய கால்கள் மிதிகட்டைகளில் எப்படி நகர்கின்றன என்பதைத் தரையில் அமர்ந்து பார்த்துக் கற்ற ஓர் இளைஞர் உண்டு. அவரே பின்னாளில் பெரும் இசைக்குழுத் தலைவராகப் புகழ்பெற்ற கவுண்ட் பேசி. சான் ஹுவான் ஹில் பகுதியில் வளர்ந்த தெலோனியஸ் மங்க், நவீன ஜாஸின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் தனித்து வாசித்த பதிவுகளிலும் அந்தப் பழைய இடக்கை நடையைத் தெளிவாகக் கேட்கலாம்.

தோற்றபோதும் ஆசான்

இக்கலைஞர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாசிப்பது வழக்கம். ஒருவர் வாசிக்க, மற்றவர் அதை மிஞ்ச, விடியும்வரை போட்டி நீளும். 1930களின் தொடக்கத்தில் ஆர்ட் டேட்டம் என்னும் பார்வை மிகக் குன்றிய இளைஞர் ஒஹாயோ மாநிலத்திலிருந்து நியூயார்க் வந்தார். அவரும் சுருள்களிலிருந்து நிறையக் கற்றவர். ஜான்சன், வாலர், வில்லி ஸ்மித் ஆகிய மூவரும் கூடியிருந்த ஓரிரவில் அவர் 'டீ ஃபார் டூ' என்னும் பாடலை வாசித்தார். மூத்தவர்கள் தத்தம் சிறந்த படைப்புகளால் விடையளித்தனர். எனினும், அன்று வென்றவர் டேட்டமே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்தப் பாடல் உண்மையாக வாசிக்கப்பட்டதைத் தாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாக ஜான்சன் பின்னர் கூறினாராம்.

தம்மினும் இளையவர் தம்மை மிஞ்சும்போது இவ்வாறு சொல்ல எத்தனை ஆசிரியர்களால் இயலும்? என்னையே கேட்டுக்கொண்டேன், உடனே விடை கூற முடியவில்லை.

மறக்கப்பட்ட பெயர்

1923இல் 'ரன்னிங் வைல்ட்' என்னும் இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. அதற்கு ஜான்சன் அமைத்த 'சார்ல்ஸ்டன்' பாடலும் அதனோடு இணைந்த நடனமும் உலகெங்கும் பரவின. 1920களைக் காட்டும் திரைப்படங்களில் முழங்காலை உள்ளும் புறமும் அசைத்து ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்குரிய இசை அது. அதன் வித்து அந்த நிலவறை நடனப் பள்ளியில், தென் கரோலைனா உழைப்பாளிகளுக்காக அவர் வாசித்த காலத்திலேயே ஊன்றப்பட்டது. இசையை அறிந்தவர் கோடி. இயற்றியவர் பெயரை அறிந்தவர் சிலர்.

அவருக்கு இன்னொரு கனவும் இருந்தது. தம் மக்களின் இசையைப் பெரும் இசைக்குழுக்கள் வாசிக்கும் சிம்பொனியாக்க விரும்பினார். 'யாமக்ரா' என்னும் அவருடைய நெடும்படைப்பு 1928 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியது. அப்போது ஓர் இசை நாடகத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்த ஜான்சனால் அன்று அங்கு வாசிக்க இயலவில்லை. அவருடைய இருக்கையில் அமர்ந்து வாசித்தவர் மாணவர் வாலர். அதன்பின் 1932இல் 'ஹார்லெம் சிம்பொனி'யை இயற்றினார். லாங்ஸ்டன் ஹியூஸின் வரிகளுக்கு இசையமைத்து 'டி ஆர்கனைசர்' என்னும் சிறு இசை நாடகத்தைப் படைத்தார். இசையமைப்புப் பணிக்காக உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. கேளிக்கை விடுதியில் வாசித்த கறுப்பினத்தவரைச் சிம்பொனி இயற்றுபவராக ஏற்க அன்றைய இசையுலகம் ஆயத்தமாக இல்லை. அவருடைய பெரும்படைப்புகளின் தாள்கள் பல சிதறிப்போயின. அவற்றுள் சில மீட்கப்பட்டு மீண்டும் மேடையேறியது அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

1940இல் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. தேறி வந்து மீண்டும் வாசித்தார். 1943 டிசம்பரில் மாணவர் வாலர் தம் 39ஆம் வயதில் ரயில் பயணத்தில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். ஆசான் இருக்க மாணவன் முந்திக்கொண்டான். 1951இல் மீண்டும் வந்த கடும் பக்கவாதம் ஜான்சனைப் படுக்கையில் வீழ்த்தியது. இருட்டிலும் போர்வையின் மேலும் பழக்கிய கைகள் அதன்பின் பியானோவுக்குத் திரும்பவில்லை. 1955 நவம்பர் 17ஆம் நாள் அவர் காலமானார். நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்திலுள்ள மவுண்ட் ஆலிவெட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அக்குழியின்மேல் பெயர் பொறித்த கல் இல்லை.

வாலருக்கு வழிகாட்டியவர், எலிங்டனுக்குச் சுருள்வழி ஆசான், உலகமே ஆடிய இசையை இயற்றியவர். 54 ஆண்டுகள் அவர் பெயரற்ற மண்ணுக்கடியில் கிடந்தார்.

கடைசி வாடகை விருந்து

அவருடைய வரலாற்றை எழுதிய ஆய்வாளரின் முயற்சியால் அந்த இடம் அடையாளம் காணப்பட்டது. அதன்பின் நியூயார்க் இசைக்கலைஞர்கள் ஒன்று செய்தனர். 2009 அக்டோபரில் ஸ்மால்ஸ் என்னும் சிறிய ஜாஸ் அரங்கில் கூடினர். பியானோக் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து அவருடைய படைப்புகளை வாசித்தனர். திரண்ட பணம் கல்லறைக் கல்லுக்குப் போயிற்று. அந்நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயர்: 'ஜேம்ஸ் பி. ஜான்சனின் கடைசி வாடகை விருந்து'.

அயலாரின் வீட்டு வாடகைக்காக இரவெல்லாம் வாசித்த மனிதருக்கு, அவருடைய இறுதி வீட்டுக்கான வாடகையை அவர் பார்த்திராத தலைமுறை வாசித்துக் கட்டியது. இதைப் படித்தபோது சற்று நேரம் கணினித் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பெருமக்களே, நம்மில் பெரும்பாலோர் இடக்கையின் வேலையைத்தான் செய்கிறோம். உயிரெழுத்து, மெய்யெழுத்து, வாய்பாடு, மீண்டும் உயிரெழுத்து என்று ஆண்டுதோறும் போய்வருகிறோம். வலக்கை மேடையேறிப் பாடும்போது இடக்கையை எவரும் பார்ப்பதில்லை. ஆனால் அது நின்றால் பாட்டும் நின்றுவிடும். நம் மாணவர்களின் கைகளில் நம் கை இருக்கிறது என்பதே நமக்குப் போதுமான கைம்மாறு.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எதையேனும் திறம்படச் செய்யும்போது, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேளுங்கள். அந்தப் பெயரைப் பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள். கல்லில் பொறிக்க 54 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.

கேட்க விழைவோர்க்கு ஒரு சிறு வழிகாட்டல். முதலில் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்', அடுத்து ஜான்சனின் 1921ஆம் ஆண்டு 'கரோலைனா ஷவுட்', அதன்பின் வாலரின் 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' என்னும் வரிசையில் கேளுங்கள். முதல் முறை வலக்கையைக் கேளுங்கள். இரண்டாம் முறை இடக்கையை மட்டும் பின்தொடருங்கள். பழைய பதிவுகள் என்பதால் இரைச்சல் இருக்கும். பொறுத்துக்கொண்டால் கை நடக்கும் ஓசை கேட்கும்.

என் மகளின் இடக்கை இன்னும் பின்தங்கித்தான் வருகிறது. ஆயினும், இப்போதெல்லாம் பயிற்சியின்போது இடக்கையைத் தனியாகப் பத்து நிமிடம் வாசிக்கிறாள். சென்ற வாரம் அவளுடைய பியானோ ஆசிரியையிடம், "டீச்சர், ஒங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாளாம். ஆசிரியை சற்றுத் திகைத்துவிட்டு, ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரை என் மகள் தன் இசைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.